புதியவரை வரவேற்பது: வணிகத்திடம் சபைகள் கற்கக்கூடியவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலயம் கடையல்லவே? பிறகு ஏன் வியாபாரிகளிடம் கற்க வேண்டும்?

இந்தத் தயக்கம் நியாயமானது. கடைசிவரை அதைக் கைவிடவும் வேண்டாம். கடைக்காரர் சிரிப்பது பணப்பெட்டிக்காகத்தான். ஆனால் ஊழியர்களின் நல்ல மனதை மட்டும் நம்பி அவர் கடையைத் திறப்பதில்லை. வாசலில் யார் நிற்பது, முதலில் என்ன சொல்வது, கேட்ட பொருள் இல்லையென்றால் என்ன செய்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து பழக்கிவிடுகிறார். சபையில் அன்பு இருக்கிறது, ஏற்பாடு இருப்பதில்லை. "நம் ஜனங்கள் அன்பானவர்கள், யாராவது போய்ப் பேசுவார்கள்" என்று விட்டுவிடுகிறோம். எல்லோரும் அப்படியே நினைப்பதால் புதியவர் தனியாக நிற்கிறார்.

உண்மையில் ஏற்பாட்டோடு உபசரிப்பது சபைக்கு அந்நியமான காரியம் இல்லை. ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் செய்ததை வரிசையாகப் பாருங்கள். அந்நியர்களைக் கண்டதும் எதிர்கொண்டு ஓடுகிறார். கால் கழுவத் தண்ணீர், சாய்ந்திருக்க மர நிழல், பிறகு சாப்பாடு. அவர்கள் புறப்படும்போது வழியனுப்பக் கூடவே நடக்கிறார். நல்ல ஓட்டல்கள் பயிற்சிக் கையேட்டில் எழுதி வைத்திருப்பதும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

வரவேற்பு எங்கே தொடங்குகிறது? வாசலிலா?

கைப்பேசியில். முதல்முறை வருகிறவர் பெரும்பாலும் சனிக்கிழமை இரவு உங்கள் சபையின் பெயரைத் தேடியிருப்பார். அங்கே அவருக்குத் தேவைப்படுவது சபையின் வரலாறோ போதகரின் பட்டங்களோ அல்ல. ஆராதனை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த மொழியில், எந்த வாசல் வழியாக வருவது, வண்டியை எங்கே நிறுத்துவது, குழந்தையை உள்ளே அழைத்து வரலாமா, என்ன உடுத்துவது, சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்பது: இந்த எட்டும் முதல் திரையிலேயே தெரிய வேண்டும்.

வழக்கமாகத் தவறு நேரும் இடங்கள் மூன்று. பண்டிகை நாளில் நேரம் மாறியிருக்கும், இணையத்தில் பழைய நேரமே நிற்கும். கொடுத்திருக்கும் எண் பொறுப்பு முடிந்துபோன பழைய செயலாளருடையதாக இருக்கும். வரைபடம் பூட்டிக் கிடக்கும் பின்வாசலுக்குக் கொண்டுபோய் விடும். மாதம் ஒருமுறை ஒருவர் சபைக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைத்துப் பார்க்கட்டும். அந்த வரைபடத்தை மட்டும் நம்பி ஆலயம் வரை வந்தும் பார்க்கட்டும். கால் மணி நேர வேலைதான்.

வாசலில் எத்தனை பேர், எங்கெங்கே நிற்க வேண்டும்?

100 முதல் 150 பேர் கூடும் சபைக்கு ஐந்து பேர் போதும். வண்டி நிறுத்துமிடத்தில் அல்லது வெளிவாசலில் ஒருவர், ஆலயக் கதவின் இரு பக்கமும் ஒவ்வொருவர், உள்ளே இருக்கை காட்ட ஒருவர். ஐந்தாமவருக்கு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். கழிவறை எங்கே என்று கேட்பவரைக் கூட்டிச் செல்லவும், தனியாக நிற்பவரோடு நின்று பேசவும் அவர் தேவை. நால்வர் மட்டுமே கிடைத்தால் கதவில் ஒருவரைக் குறையுங்கள், இவரைக் குறைக்காதீர்கள்.

ஆராதனைக்கு 25 நிமிடம் முன்பே நிற்க வேண்டும். தொடங்கியபின் 15 நிமிடமாவது நிற்க வேண்டும். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் பாட்டு தொடங்கியதும் வரவேற்பாளர்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் வழி தெரியாமல் சுற்றி, தயங்கி, தாமதமாக வந்து சேருகிறவர் பெரும்பாலும் புதியவர்தான். அவர் வந்து நிற்கும்போது கதவருகே ஒருவரும் இல்லை.

இரண்டு நண்பர்களை ஒரே பக்கம் நிறுத்தினால் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். கதவின் எதிரெதிர் பக்கம் நிறுத்துங்கள். கையில் கைப்பேசி வேண்டாம். ஒருவருக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை பணி வந்தால் போதும். அதற்கு மேல் போனால் சோர்வு முகத்தில் தெரிந்துவிடும்.

ஓட்டல்கள் சொல்லும் '10-5' முறை என்ன?

விருந்தோம்பல் தொழிலில் பரவலாகப் பழக்கப்படும் எளிய விதி. ஒருவர் 10 அடி தூரத்தில் வரும்போது கண்ணைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். 5 அடிக்குள் வந்ததும் வாய்திறந்து வணக்கம் சொல்ல வேண்டும். சபைக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அதுவும் வரவேற்புக் குழுவுக்கு மட்டுமல்லாமல் எல்லோருக்கும். முன்வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்த்து முகம் கொடுக்காமல் மறுபடி முன்னே பார்த்துக்கொண்டால், வாசலில் கிடைத்த வரவேற்பு அங்கேயே கரைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வால்மார்ட் கடைகளின் வாசல் வரவேற்பாளர் முறை 1980இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குரோலி என்ற ஊர்க் கடையில் கண்ட ஏற்பாட்டிலிருந்து பரவியது. அங்கே வாசலில் ஆள் நிறுத்தியதற்கு வரவேற்பு பாதிக் காரணம்தான். பொருள்கள் திருட்டுப் போகாமல் பார்ப்பதும் அவர் வேலை. உங்கள் வாசலில் நிற்பவர் எதற்காக நிற்கிறார்? உடையை அளக்கிற பார்வையும், "யார் இவர்?" என்று துருவும் பார்வையும் வருகிறவருக்கு உடனே புரியும்.

முதல் வார்த்தை என்ன சொல்வது?

"வணக்கம், வாங்க. நான் இன்னார். நாம இதுக்கு முன்னாடி பேசினதில்லைன்னு நினைக்கிறேன்." இதுவே போதும். "நீங்க புதுசா?" என்று கேட்காதீர்கள். எட்டு மாதமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து போகிறவரிடம் அதைக் கேட்டால், இத்தனை நாளும் உங்களை யாரும் பார்க்கவில்லை என்று சொன்னதாகிவிடும்.

"ஸ்தோத்திரம்" என்றோ "இயேசுவுக்கே புகழ்" என்றோ மட்டும் சொல்லிக் கை நீட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழகியவருக்கு அது இனிமை. சபைப் பழக்கம் இல்லாதவருக்கோ பதில் என்ன சொல்வதென்று தெரியாது. முதல் வார்த்தையிலேயே அவர் பரீட்சையில் தோற்றவர்போல் விழிப்பார். முகம் தெரியாதவருக்கு முதலில் வணக்கம், பிறகு உங்கள் வழக்கம்.

கேட்கக் கூடாதவை: "எந்தச் சபை?", "இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?", "கல்யாணம் ஆயிடுச்சா?", "குழந்தை எத்தனை?", "யார் வீட்டுப் பிள்ளை?", "என்ன வேலை?" கேட்கிறவருக்கு இவை வாஞ்சையான விசாரிப்பு. குழந்தைக்காக அழுது ஜெபிக்க வந்தவருக்கோ வேலை இழந்து வந்தவருக்கோ அது புண்ணில் விரல் வைப்பதாக இருக்கும். மாற்றாக, "வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்ததா?" என்று கேளுங்கள். அதற்கு எவராலும் பதில் சொல்ல முடியும்.

ஆராதனையில் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லி வரவேற்பது நல்லதுதானே?

வேண்டாம். நோக்கம் நல்லது, விளைவு அப்படி இல்லை. கடைக்கு முதல்முறை வந்தவரை நடுவில் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொல்லும் வணிகர் உண்டா? கூச்ச சுபாவம் உள்ளவருக்கு அது தண்டனை. வீட்டுக்குத் தெரியாமல் வந்தவருக்கு ஆபத்தாகவும் முடியலாம். மேடையிலிருந்து பொதுவாக ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "முதல்முறை வந்திருப்பவர்களுக்கு அன்பான வணக்கம். எதற்கும் எழுந்து நிற்க வேண்டாம். முடிந்ததும் வலப்பக்க மேசையருகே இன்னார் இருப்பார், எது வேண்டுமானாலும் கேட்கலாம்." சொன்ன இடத்தில் அவர் கட்டாயம் நிற்க வேண்டும். மேசை மட்டும் இருந்து ஆள் இல்லாமல் போவதைவிட அந்த அறிவிப்பே இல்லாதிருப்பது மேல்.

நுழைவாயிலில் பெரிய அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறோம். யாரும் படிப்பதில்லையே?

இடம் தவறு. கடைகளுக்குள் மக்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கவனித்த பாக்கோ அண்டர்ஹில், கதவைத் தாண்டிய முதல் சில அடிகளில் வைத்த எதையும் மக்கள் கவனிப்பதில்லை என்று கண்டார். வெளிச்சமும் சத்தமும் மாறும் அந்த இடத்தில் மனம் தன்னை நிலைப்படுத்திக்கொண்டிருக்கும். பலகையைக் கதவிலிருந்து 10, 15 அடி உள்ளே தள்ளி, நடப்பவரின் கண்மட்டத்தில் வையுங்கள். பலகையில் நான்கே வார்த்தைகள்: ஆராதனை, கழிவறை, குழந்தைகள், குடிநீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்புக்குறி. மாத ஜெபக்கூட்ட விவரங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஆராதனை முறை தெரியாதவர் தடுமாறாமல் இருக்க என்ன செய்யலாம்?

இங்கே செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் வரவேற்புக் குழு வாசலோடு நின்றுவிடுவதால் இது கவனிக்கப்படுவதே இல்லை.

காத்திருப்பின் உளவியல் பற்றி 1985இல் எழுதிய டேவிட் மைஸ்டர், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும் காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் கூடுதல் நீளமாகத் தோன்றும் என்று விளக்கினார். சேவைத் தொழில்கள் இதைப் பிடித்துக்கொண்டன. வரிசையில் நிற்பவருக்கு "இன்னும் 10 நிமிடம்" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மணி நேர ஆராதனையில் அடுத்து என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே உதவி தேவை. தொடக்கத்தில் ஒரு நிமிடம் போதும்: "முதலில் அரை மணி நேரம் பாடல்கள், பிறகு வேதவாசிப்பு, 35 நிமிடம் செய்தி, பிறகு திருவிருந்து. 11 மணிக்கு முடியும்." சொன்னால் 11 மணிக்கு முடிக்கவும் வேண்டும்.

"பாமாலை 47" என்று மட்டும் அறிவித்தால், புத்தகம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாதவர் என்ன செய்வார்? எண், பக்கம், புத்தகம் இருக்கும் இடம் மூன்றையும் சொல்லுங்கள். திரையில் போடுவதாக இருந்தால் ஒரு திரைக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் படித்துப் பார்த்து உறுதி செய்யட்டும். எழும்போது "எழுந்து நிற்போம், முடியாதவர்கள் அமர்ந்திருக்கலாம்" என்று சொல்லுங்கள்.

திருவிருந்தில்தான் தடுமாற்றம் அதிகம். வரிசை நகர்கிறது, எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் பதறுகிறார். உங்கள் சபையின் ஒழுங்கு எதுவானாலும் அதைத் தொடங்குமுன் 2 வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: யார் பெறலாம், பெறாதவர் என்ன செய்யலாம். "இருக்கையிலேயே அமைதியாக ஜெபிக்கலாம்" என்ற ஒரு வரி அவரைக் காப்பாற்றும். காணிக்கைக்கும் அப்படியே: "விருந்தினர்கள் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை, தட்டை அடுத்தவருக்குக் கொடுத்தால் போதும்."

இதையெல்லாம் உலகத்தோடு செய்துகொள்ளும் சமரசம் என்று எண்ண வேண்டாம். வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வந்தால் உங்களைப் பற்றி என்ன நினைப்பார் என்ற கேள்வியைப் பவுலே 1 கொரிந்தியர் 14இல் சபைக்கு முன் வைக்கிறார்.

இருக்கை ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது?

பழைய உறுப்பினர்கள் பின்வரிசையையும் ஓரத்தையும் முதலில் நிரப்பிவிடுவார்கள். பிந்தி வரும் புதியவர் எல்லோர் முன்னிலையிலும் நடந்து முதல் வரிசைக்குப் போக நேரிடும். பின்னிருந்து இரண்டாம், மூன்றாம் வரிசையின் நடைவழி ஓரத்தில் ஆறு இடங்களை, ஆராதனை தொடங்கி 15 நிமிடம் வரை காலியாக வைத்திருங்கள். சக்கர நாற்காலிக்கு இடம் விடும்போது பக்கத்தில் உடன் வருபவருக்கும் நாற்காலி போடுங்கள். தனியாகப் பின்னால் ஒதுக்காதீர்கள். சாய்தளம் கட்டினால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பெயருக்குத்தான் சாய்தளம், ஏறவும் இறங்கவும் ஆபத்து.

ஒரு காரியத்தில் மட்டும் வணிகத்தைப் பின்பற்றக் கூடாது. விமானங்களிலும் ஓட்டல்களிலும் அதிகம் செலவழிப்பவருக்குத் தனி மரியாதை உண்டு. யாக்கோபு 2ஆம் அதிகாரம் கண்டிப்பதே அதைத்தான்: பொன்மோதிரம் அணிந்து வந்தவருக்கு நல்ல இடம், கந்தை உடுத்தி வந்தவருக்குக் காலடி. பிரமுகர் வந்தால் எழுந்து ஓடுகிற வரவேற்பாளர், அழுக்கு உடையில் வருகிறவருக்கும் அப்படியே எழுந்து ஓட வேண்டும்.

குழந்தையோடு வருபவர்களுக்கு?

குழந்தை அழுதால் திரும்பிப் பார்க்காதீர்கள். ஒரு தாய் மீண்டும் வருவதும் வராததும் பெரும்பாலும் அந்தப் பார்வையில் முடிவாகிறது. ஞாயிறு பள்ளிக்குக் குழந்தையை உடனே பிரித்து அனுப்பச் சொல்ல வேண்டாம். பெற்றோரை வகுப்பறைவரை கூட்டிச் சென்று, ஆசிரியரைக் காட்டி, முதல் நாள் கூடவே இருக்க விரும்பினால் இருக்கவிடுங்கள். யாரிடம் ஒப்படைத்தார்களோ அவர்களிடமே குழந்தையைத் திருப்பிக் கொடுங்கள். பெயரும் எண்ணும் எழுதிய இரண்டு சீட்டு, ஒன்று குழந்தையின் சட்டையில், மற்றொன்று பெற்றோர் கையில். கூட்டம் குறைவு என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம்.

மிக முக்கியமான நேரம் எது?

ஆசீர்வாதம் கூறி முடிந்தபின் வரும் 10 நிமிடம். வாசல் வரவேற்பை ஓரளவு எல்லாச் சபைகளும் செய்துவிடுகின்றன. இந்தப் பத்து நிமிடத்தில்தான் தோற்கின்றன.

நடப்பது இதுதான். "ஆமென்" ஒலித்ததும் எல்லோரும் தெரிந்தவர்களைத் தேடித் திரும்புகிறார்கள். பாடகர் குழு அடுத்த ஒத்திகையைப் பேசுகிறது. மூப்பர்கள் கணக்குப் பேசப் போகிறார்கள். போதகரைச் சுற்றி நான்கு பேர். புதியவர் எழுந்து, இரண்டு முகங்களைப் பார்த்து, பையைச் சரிசெய்து, கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு வெளியேறுகிறார். யாரும் அவரை விரட்டவில்லை. ஆனால் சுற்றிலும் கலகலப்பாக இருக்கும்போது தனியாக நிற்பது, வெறும் அறையில் தனியாக நிற்பதைவிடக் கனமானது.

தொழில் இதை நன்றாக அறியும். ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்களின் மூன்று சேவைப் படிகளில் கடைசிப் படி, விருந்தினரைப் பெயர் சொல்லி அன்போடு வழியனுப்புவது. அனுபவத்தின் முடிவு நினைவில் எவ்வளவு தங்குகிறது என்பதற்கு உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட சோதனை ஒரு சான்று. 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி கை வைத்தது ஒன்று. அதே 60 விநாடியோடு, சற்றே குளிர் தணிந்த நீரில் இன்னும் 30 விநாடி சேர்த்தது மற்றொன்று. எதை மறுபடி செய்வீர்கள் என்றபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததுதான் காரணம்.

செய்ய வேண்டியது: முதல் 5 நிமிடம் தெரிந்தவரோடு பேசுவதில்லை என்று உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ளட்டும். தெரியாதவரிடம் போகட்டும், பிறகு நண்பர்களிடம் வரட்டும். சபைக் காரியங்கள் பேச மூப்பர்கள் 15 நிமிடம் பொறுக்கட்டும். பேசச் சென்றவர் இன்னொருவரையாவது அறிமுகப்படுத்திவிட்டு நகர வேண்டும்: "இவங்க உங்க பக்கம்தான் இருக்காங்க", "இவரும் ஆசிரியர்தான்." ஒரே ஒரு பெயரோடு வீட்டுக்குப் போகிறவருக்கு அடுத்த வாரம் தேடி வர ஓர் ஆள் இருக்கும். பிறகு வாசல்வரை கூடவே நடந்துபோய் வழியனுப்புங்கள்.

ஒருவர் யாரோடும் பேச விரும்பவில்லை என்றால்?

விட்டுவிடுங்கள். கண்களை மூடி அமர்ந்திருப்பவர், பதிலைச் சுருக்குகிறவர், கதவையே பார்க்கிறவர், இவர்களுக்கு ஒரு புன்னகையும் "சந்தோஷம், போய்ட்டு வாங்க" என்ற ஒரு வார்த்தையும் போதும். நல்ல கடைக்காரர் "சும்மா பார்க்கிறேன்" என்பவரைப் பின்தொடர மாட்டார்.

தொலைபேசி எண் வாங்கலாமா?

கேட்கலாம், துரத்தக் கூடாது. சீட்டில் பெயர், எண், "உங்களைத் தொடர்புகொள்ளலாமா? ஆம் / வேண்டாம்" என்ற மூன்று வரிகள் மட்டும். பிறந்தநாள், திருமண நாள், முகவரி எல்லாம் இப்போது எதற்கு? 48 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு செய்தி, அவரோடு நேரில் பேசியவரே அனுப்ப வேண்டும்: "நேற்று உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இந்த எண்ணில் கேளுங்கள்." பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, அதோடு நிறுத்துங்கள். அனுமதி கேட்காமல் வாட்சப் குழுவில் சேர்த்துவிடுவதுதான் பெரிய தவறு. அவர் எண் முகம் தெரியாத இருநூறு பேருக்குப் போய்விடும். முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போவதும் அப்படியே. மூன்று மாதமாகத் தொடர்பில்லாதவரின் சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

எங்கள் சபையில் 30 பேர்தான். இதெல்லாம் பொருந்துமா?

ஐந்து பேர் குழு வேண்டாம், இருவர் போதும். சிறிய சபையின் ஆபத்து வேறு: புதியவர் மேல் முப்பது பேரும் பாய்ந்துவிடுவார்கள். ஒருவர் அழைத்து உட்கார வைக்கட்டும், ஆராதனைக்குப் பின் இரண்டு பேர் பேசட்டும், மற்றவர்கள் தலையசைத்துப் புன்னகைக்கட்டும். இரண்டாம் வாரமே ஞாயிறு பள்ளிப் பொறுப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

குழுவைப் பழக்குவது எப்படி?

45 நிமிடம் போதும், உரை வேண்டாம், நடித்துப் பழகுங்கள். தாமதமாக வந்தவர், அழும் குழந்தையோடு வந்தவர், குடித்துவிட்டு வந்தவர், கண்கலங்கி நிற்பவர், மொழி தெரியாதவர் என்று ஐந்து நிலைமைகள். ஒருவர் வருகிறவராகவும் ஒருவர் வரவேற்பவராகவும் மாறி மாறிச் செய்யுங்கள். வருகிறவராக நடித்தவரிடம் "எந்த இடத்தில் கூச்சமாக இருந்தது?" என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் பாடம்.

நாம் சரியாகச் செய்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைகள் முகம் தெரியாத ஒருவரை வாடிக்கையாளர்போல் அனுப்பிச் சோதிக்கும். வேறு சபையின் நண்பர் ஒருவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லுங்கள். போதகரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம். அவர் குறிக்க வேண்டியவை: வாசல் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம், முதலில் பேசியவர் யார், எத்தனை பேர் பெயர் கேட்டார்கள், முடிந்தபின் எத்தனை நிமிடம் தனியாக நின்றார், எதில் தடுமாறினார். கண்டதைக் குழுவிடம் சொல்லும்போது யார் பெயரையும் குறிப்பிட வேண்டாம். அவமானப்பட்ட வரவேற்பாளர் அடுத்த வாரம் முகம் வாடித்தான் நிற்பார். "இந்த மாதம் 20 பேரைச் சேர்க்க வேண்டும்" என்ற இலக்கும் வேண்டவே வேண்டாம். இலக்கு வந்த நாளில் வருகிறவர் எண்ணிக்கையாகிவிடுவார், அது அவருக்கும் தெரிந்துவிடும்.

ஒருவர் இரண்டு வாரம் வந்து நின்றுவிட்டார். ஏன் என்று கேட்கலாமா?

தொடர்புகொள்ளலாம் என்று அவர் சொல்லியிருந்தால், பழகியவர் ஒருவர் ஒரு முறை விசாரிக்கலாம். "ஏன் வரல?" என்று கேட்காமல் "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். உடல்நலமில்லை என்று தெரியவரலாம், வேறு சபை கண்டுகொண்டார் என்றும் தெரியவரலாம். வேறு சபை என்றால் "சந்தோஷம்" என்று மனதாரச் சொல்லுங்கள். நம் பக்கம் ஏதாவது மனம் நோகச் செய்திருந்தால், நியாயம் பேசாமல் கேட்டுக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். அன்று மாலையே அதைக் குழுவிடம் சொல்லி, வரும் ஞாயிறுக்குள் சரிசெய்யுங்கள்.